பத்திரம் அவர்களிடம், பட்டா அவர்கள் பெயரில்: பிறகு எப்படி அது நம் நிலம்?

 

போன மாதம் இதே வாசகர் வட்டத்தில் பஞ்சமி நிலம் பற்றிப் பேசி முடித்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து கேட்டார்: “நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. பத்திரம் அவங்ககிட்ட இருக்கு. பட்டா அவங்க பேர்ல இருக்கு. நாப்பது வருசமா உழுறதும் அவங்கதான். அப்புறம் எப்படி அது நம்ம நிலம்?”

அன்றைக்கு நான் என்னவோ சொன்னேன். 1892, அரசாணை, வரலாற்று அநீதி என்று அடுக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் அது ஒப்புக்கொண்ட முகம் இல்லை. பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. சொத்துச் சட்டம் முழுவதையும் அவர் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். பத்திரம், பட்டா, அனுபோகம். இந்த மூன்றும் மூன்று வேறு விஷயங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருப்பதால்தான் ஆக்கிரமித்தவர் தைரியமாகவும், நிலம் இழந்தவர் குற்றவாளி மாதிரியும் தாலுகா அலுவலகத்தில் நிற்கிறார்கள். எனவே இன்று அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. “இது என் நிலம்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைச் சொல்கிறார் என்று நினைக்கிறோம். இல்லை. மண்ணிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் சொல்வது நம்மிடம். “நீ உள்ளே வராதே, வந்தால் போலீஸ் என் பக்கம் நிற்கும்” என்பதுதான் அந்த வாக்கியத்தின் முழு வடிவம். சொத்துரிமை என்பது மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள உறவு. அதில் முக்கியமான பகுதி பிறரை விலக்கி வைக்கும் அதிகாரம்.

சட்டக் கல்லூரிகளில் சொத்துரிமையை ஒரு விறகுக் கட்டு என்று விளக்குவார்கள். வைத்திருப்பது ஒரு குச்சி, பயிரிட்டுப் பலன் எடுப்பது ஒரு குச்சி, விற்பது, அடமானம் வைப்பது, பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது, பிறரைத் தடுப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு குச்சி. கட்டைப் பிரிக்கலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் பலன் எடுக்கும் குச்சி குத்தகைதாரரிடம் போகிறது. ஒத்திக்கு வைத்தால் அனுபோகம் கடன் கொடுத்தவரிடம் போகிறது. என் வயல் வழியாக நீங்கள் நடந்துபோகும் வழிப்பாத்தியம் இருந்தால், தடுக்கும் குச்சியில் ஒரு துண்டு ஒடிந்து உங்களிடம் இருக்கிறது. நிலம் மட்டும் அங்கேயேதான் கிடக்கிறது.

விலக்கும் குச்சி என்றதும் நமக்கு மகாடு நினைவுக்கு வர வேண்டும். 1927 மார்ச்சில் பாபாசாகேப் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்தது எல்லோருக்கும் தெரியும். டிசம்பரில் இரண்டாவது மாநாடு கூடியபோது மறுபடி ஏன் குளத்தில் இறங்கவில்லை? அதற்குச் சில நாட்கள் முன்பு சாதி இந்துக்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த் தற்காலிகத் தடை வாங்கிவிட்டார்கள். தீட்டு என்ற வாதத்தை மட்டும் நம்பி அவர்கள் அங்கே போகவில்லை. குளம் எங்கள் தனிச்சொத்து போன்றது, தீண்டத்தகாதவர்களை விலக்குவது எங்கள் நெடுங்கால வழக்கம் என்று போனார்கள். தீட்டு, நீதிமன்ற வாசலில் நுழையும்போது சொத்துரிமை என்ற சட்டையை மாட்டிக்கொண்டது. பத்தாண்டுகள் அந்த வழக்கு நடந்தது. குளம் நகராட்சிக்குரியது என்று ஆனது. விலக்கும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலத்திலிருந்து இருக்கிறது என்பதை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை என்று 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. போராளியாக மட்டுமே நாம் கொண்டாடும் அம்பேத்கர், அந்தப் பத்தாண்டும் ஒரு சொத்து வழக்கின் பிரதிவாதி.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியினரின் பட்டா நிலத்தில் இருந்தது, விடமாட்டோம் என்றார்கள். “என் நிலம், என் விருப்பம்” என்ற சொல் அங்கே என்ன வேலை செய்தது என்று பாருங்கள். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, 20 ஆண்டுகள் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாகப் பயன்படுத்திய பாதைக்கு வழிப்பாத்தியம் உண்டு. ஆனால் “உரிமையாக” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொரு சாவுக்கும் நிலக்காரரிடம் போய்க் கும்பிட்டுக் கேட்டு நடந்திருந்தால், அது அனுமதி, உரிமை ஆகாது. சேரிக்குப் பணிவைக் கற்றுக்கொடுத்த சமூகம், அந்தப் பணிவையே சட்டத்தில் நமக்கு எதிரான சாட்சியாகவும் ஆக்கி வைத்திருக்கிறது.

சரி, இந்த நிலமெல்லாம் முதலில் எப்படி அவர்களுடையது ஆனது? சொத்துரிமைக்குப் பெரிய நியாயம் சொன்னவர் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி. தன் உழைப்பை மண்ணில் கலந்தவனுக்கு அந்த மண் சொந்தம் என்பது அவர் வாதம். கேட்டதும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் செங்கல்பட்டு முழுவதும் நம்முடையதாயிற்றே! ஆனால் அதே அத்தியாயத்தில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்கரணையையும் அவர் தன் சொத்துக் கணக்கில்தான் எழுதுகிறார். பண்ணையாள் உழுதால் பண்ணையார் உழுததாகக் கணக்கு. ஐரோப்பியத் தத்துவம் படிக்கும்போது நம் ஊர்க் களத்துமேடு கண்ணில் தெரிவது எனக்கு அடிக்கடி நடக்கிறது.

நம் பகுதியில் அந்தக் கணக்கின் பெயர் மிராசு. ஊரின் நன்செய், புன்செய் மட்டுமல்ல, தரிசின் மேலும் மிராசுதாரருக்கு முன்னுரிமை. ஆங்கிலேயர் தர்க்காஸ்து முறை கொண்டுவந்தபோதும் அது தொடர்ந்தது. ஒரு பறையர் சும்மா கிடக்கும் தரிசுக்கு மனுப் போட்டால், மிராசுதாரர் “எனக்கு வேண்டும்” என்று சொன்னாலே போதும், நிலம் அவருக்கு. அவர் பயிர் வைக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நமக்குக் கிடைக்காமல் இருந்தால் போதும். நிலம் கிடைத்தால் பண்ணைக்கு ஆள் யார் வருவார்கள்?

வீடும் அப்படித்தான். குடிசை நம்முடையது, அது நிற்கும் மண் அவருடையது. கூலி கேட்டால் “குடிசையைப் பிரித்துக்கொண்டு போ” என்பதுதான் முதல் பதில். நிலமில்லாதவர் வேறு வேலைக்குப் போகலாம், மனையில்லாதவர் வாயே திறக்க முடியாது. தமிழ்நாட்டில் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது 1971இல். அதற்கு முன் 1961இல், வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு மட்டும் தந்த ஒரு சட்டம் இருந்தது. வயதானவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், மனைப்பட்டா வாங்கிய நாளைக் கல்யாண நாளைவிட நன்றாக நினைவு வைத்திருப்பார்கள்.

இந்தப் பின்னணியில்தான் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றிய தன் குறிப்பை எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறையின் 1010ஆம் எண் அரசாணை வந்தது. தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படை செய்யப்பட்டன. நிபந்தனைகள் வாரிய நிலை ஆணைகளில் எழுதப்பட்டன. சாரம் இதுதான்: முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விறகுக் கட்டு உதாரணத்தில் சொன்னால், கட்டில் ஒரு குச்சியை மட்டும் அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டு மீதியை நம் தாத்தாக்களிடம் கொடுத்தது. அந்த ஒரு குச்சியில்தான் இன்றைக்கு நம் வழக்கு முழுவதும் தொங்குகிறது.

இப்போது அந்த அம்மாவின் முதல் சொல்லுக்கு வருகிறேன். பத்திரம்.

பத்திரம் பதிவானால் நிலம் சொந்தமாகிவிட்டது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். இந்தியாவில் பதிவுத்துறை பதிவு செய்வது ஆவணத்தை, உரிமையை அல்ல. “இன்னார் இன்னாருக்கு விற்றதாக எழுதிக்கொண்டார்கள்” என்பதற்குத்தான் அந்த முத்திரை. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. தன்னிடம் இல்லாததை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. இது சொத்துச் சட்டத்தின் மிகப் பழைய விதி. பிற சாதியினருக்கு விற்கும் குச்சி நம் தாத்தாவிடம் இல்லை. அவரிடம் இல்லாததை அவர் கைநாட்டு எப்படிக் கொடுக்கும்? அதற்குமேல் அந்தப் பத்திரம் நான்கு கை மாறியிருக்கலாம், வில்லங்கச் சான்று பத்துப் பக்கம் வரலாம். ஊற்றில் இல்லாத தண்ணீர் வாய்க்காலில் வராது.

அந்தக் கைநாட்டுகள் எப்படி வாங்கப்பட்டன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சத்தில் ஒரு மூட்டை நெல், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், “குத்தகைப் பத்திரம்தான்” என்று சொல்லி எழுதிய கிரயம். இப்போது பவர் பத்திரம். பவர் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லியும், அந்தக் கடையை யாரும் மூடவில்லை. “மனம் ஒப்பித்தானே விற்றார்கள்” என்று கேட்பவர்களுக்கு, 2015 திருத்தத்துக்குப் பிந்தைய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைக் காட்டுங்கள். பட்டியல் சாதியினரின் நிலத்தைத் தவறான வழியில் ஆக்கிரமிப்பதும் பயிரிடுவதும் அங்கே குற்றம். “தவறான வழி” என்பதில் அச்சுறுத்திப் பெற்ற சம்மதமும், ஆவணத்தைத் திரித்துச் செய்ததும் அடங்கும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. சேரியில் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட, மிக அரிதான சட்ட வரிகள் அவை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒன்று சொல்வார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, கைமாற்றவே கூடாது என்று முற்றிலும் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்பார். தனியார் தனியாருக்குக் கொடுக்கும் சொத்தில் அது சரி. அரசு கொடுத்த நிலத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, கொடையின் வாசகமே சட்டம் என்று 1895ஆம் ஆண்டின் அரசுக் கொடைச் சட்டம் சொன்னது. கர்நாடகம் 1978இல் ஒரு தனிச்சட்டம் போட்டு, தலித் மக்களுக்கு வழங்கப்பட்ட நிலங்களை நிபந்தனை மீறி வாங்கியவர்களிடமிருந்து மீட்கத் தொடங்கியது. வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது.

இரண்டாவது சொல், பட்டா.

பட்டா என்பது வருவாய்த்துறை வைத்திருக்கும் ஒரு பதிவு. வரி யாரிடம் வசூலிப்பது என்பதற்காகப் பிறந்த தாள் அது. உரிமைக்கு அது ஒரு சாட்சியம், உரிமை மூலம் அல்ல என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. ஆனால் கிராமத்தில் பட்டாதான் கடவுள். அதனால்தான் பதிவேட்டில் கைவைத்தவர்கள் ஏரில் கைவைத்தவர்களைவிட ஆபத்தானவர்கள்.

என் ஆய்வுக்காகப் பதிவேடுகளைப் பார்க்கப் போகும்போது நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. பழைய ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே டி.சி. என்று இரண்டெழுத்து இருக்கும். ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், நாம் யு.டி.ஆர். என்கிறோமே, புதிய பதிவேடு எழுதியபோது அந்த இரண்டெழுத்து காணாமல் போயிருக்கும். சர்வே எண் உட்பிரிவாகியிருக்கும், பெயர் மாறியிருக்கும், குறிப்புக் கலம் வெறுமையாக இருக்கும். பிறகு கணினியில் ஏற்றியவர்கள் அந்தப் புதிய பதிவேட்டைத்தான் ஏற்றினார்கள். இன்று கைப்பேசியில் பட்டா பார்த்தால் சுத்தமான ரயத்துவாரி நிலமாகத் தெரியும். கொலையில்லை, கொள்ளையில்லை. ஒரு எழுத்தர் இரண்டெழுத்தை எழுதாமல் விட்டார், அவ்வளவுதான். ஒரு அலுவலகத்தில் பழைய பதிவேட்டைக் கேட்டபோது “கரையான் அரிச்சிடுச்சும்மா” என்றார்கள். பக்கத்து ஊர்ப் பதிவேடு அதே அலமாரியில் நல்லபடியாகத்தான் இருந்தது. கரையானுக்கும் ஊர், சேரி தெரியும்போல.

மூன்றாவது, நாற்பது வருடம். இதுதான் கடினமானது. இதை மறைத்துப் பேசினால் நாளைக்கு நீதிமன்றத்தில் நீங்கள்தான் தடுமாறுவீர்கள்.

நம் சட்டத்தில் காலம் சும்மா ஓடுவதில்லை, உரிமையைத் தின்றுகொண்டே ஓடுகிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, என் நிலத்தில் ஒருவர் என் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் இருந்துவிட்டால், அதன் பிறகு நான் வழக்குப் போட முடியாது. வழக்குப் போடும் உரிமை மட்டுமல்ல, என் உடைமை உரிமையே அழிந்துவிடும். எதிரிடை அனுபோகம் என்பது இதுதான். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். தூங்குகிறவருக்குச் சட்டம் உதவாது என்பது இதற்குச் சொல்லும் நியாயம். ஆனால் நம் தாத்தா தூங்கவில்லையே. வழக்குப் போட்டால் மறுநாள் கூலியும் இல்லை, குடிசையும் இல்லை என்று விழித்துக்கொண்டே படுத்திருந்தார்.

மஞ்சேகவுடா தீர்ப்பிலேயே இந்த ஓட்டை இருந்தது. சட்டம் வருவதற்கு முன்பே அனுபோகக் காலம் முடிந்து உரிமை முழுமையாகிவிட்டவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அது விட்டுவிட்டது. பிறகு 2017இல், நியாயமான காலத்துக்குள் மனுச் செய்யவில்லை என்று சொல்லி ஒரு மீட்பு மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கர்நாடகத்தில் மனுக்கள் வரிசையாகத் தள்ளுபடியாயின. அங்குள்ள தலித் அமைப்புகள் விடாமல் போராடி, இத்தகைய மனுக்களுக்குக் காலவரம்பு கிடையாது என்று 2023இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள்.

இந்தக் கடிகாரம் இயற்கையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யாருடைய நிலத்தின் மேல் ஓட வேண்டும், யாருடைய நிலத்தின் மேல் நிற்க வேண்டும் என்று அரசு முடிவு செய்கிறது. 2004இல் ஒடிசாப் பழங்குடி நிலம் பற்றிய வழக்கில், கைமாற்றத் தடை உள்ள அந்த நிலத்தில் பழங்குடி அல்லாதவர் எதிரிடை அனுபோகம் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. கோயில் நிலம். இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். சமய நிறுவனத்தின் நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று இருக்கிறது. 40 ஆண்டு அல்ல, 100 ஆண்டு ஆக்கிரமித்திருந்தாலும் சாமியின் நிலம் சாமியுடையதுதான். நான் அதை எதிர்க்கவில்லை. கோயில் நிலத்தில் குத்தகைக்கு உழும் நம் மக்களின் பிரச்சினை தனி, அதை இன்னொரு நாள் பேசுவோம். நான் கேட்பது ஒன்றுதான்: கல்லுக்கு நிறுத்த முடிந்த கடிகாரத்தை மனிதருக்கு ஏன் நிறுத்த முடியவில்லை? பஞ்சமி நிலத்துக்கு அப்படியொரு வரி எழுதத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தை யார் தடுக்கிறார்கள்? தன்னைச் சமூகநீதியின் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில், பக்கத்து மாநிலம் 1978இல் செய்ததைப் போன்ற ஒரு தனிச்சட்டம்கூட இன்னும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். வந்தது எதிர்முகாமிலிருந்து அல்ல, நம் பிள்ளைகளில் ஒருவரிடமிருந்து. “என் தாத்தா நிலத்தை நான் விற்கக் கூடாது என்றால் அது என்ன சொத்து? முதலியார் விற்கலாம், ரெட்டியார் விற்கலாம், நான் மட்டும் அரசாங்கத்தின் மைனர் பிள்ளையா? வங்கியில் வைத்தால் கடன்கூடக் கிடைக்கவில்லை.” இந்தக் கோபத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. நம்மை விவரமில்லாதவர்களாகப் பார்த்த வெள்ளை அதிகாரியின் தகப்பன்மனம் அந்த நிபந்தனையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நான் நிபந்தனையின் பக்கமே நிற்கிறேன். மறுபடி கோயிலையே பாருங்கள். கோயில் நிலத்தை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது, அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவு. அதைப் பார்த்து யாரும் சாமிக்கு அவமானம் என்று சொல்வதில்லை, பாதுகாப்பு என்கிறார்கள். விற்க முடியாத நிலம் என்றால் பிடுங்க முடியாத நிலம் என்றும் பொருள். கூட்டுறவு வழியாகவோ அரசு உத்தரவாதத்திலோ கடன் கொடு என்று கேட்பதுதான் சரியான கோரிக்கை. நிபந்தனையை நீக்கு என்று கேட்டால், முதல் ஆளாகக் கைதட்டப் போகிறவர் வீட்டுமனை வியாபாரி. பாபாசாகேப் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில், விளைநிலம் முழுவதையும் அரசுடைமையாக்கிக் கூட்டுப் பண்ணையாக நடத்தச் சொன்னார். தனித்தனித் துண்டு நிலத்தை மட்டும் நம்பினால் கடன்காரர் ஒவ்வொன்றாக விழுங்குவார் என்று நினைக்க நமக்கும் காரணம் இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தில் சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை இல்லை. 1978இல் 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு 300ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் பொருள். ஆக்கிரமிப்பாளர்கள் இதைக் காட்டுவார்கள். நாமும் காட்டலாம். பறிக்கப்பட்டது யாருடைய சொத்து என்பதுதானே கேள்வி.

அந்த அம்மா கேட்ட “எப்படி நம்ம நிலம்” என்பதற்கு வருகிறேன். நேர்மையாகச் சொன்னால், சட்டப்படி அது இன்றைக்கு நம் கைக்கு வந்துவிட்ட நிலம் இல்லை. ஆனால் அவர்களுடையதும் இல்லை. நிபந்தனை மீறிய நிலம் அரசு திரும்ப எடுக்க வேண்டிய நிலம். எடுத்து, மறுபடி பட்டியல் சாதியினருக்கு ஒப்படைக்க வேண்டும். ஆக, நடுவில் நிற்பது பத்திரமோ பட்டாவோ அல்ல, ஓர் அதிகாரி போட வேண்டிய கையெழுத்து. அந்தக் கையெழுத்தைக் கேட்டுத்தான் 1994இல் காரணை மக்கள் போராடினார்கள். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் அரசே கொடுத்த நிலத்தை, அரசே போட்ட நிபந்தனைப்படி திரும்ப எடு என்று கேட்டவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் வீரவணக்கம் செலுத்துகிறோம். அன்று அவர்கள் கையில் இருந்தது மனு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமக்குள் பேச வேண்டியதும் ஒன்று இருக்கிறது. மீட்பு மனுக்களோடு வாரிசுப் பட்டியல் எழுதுகிறார்கள், பார்த்திருக்கிறேன். தாத்தா, அவருடைய மூன்று மகன்கள், பேரன்கள். அத்தைகள் எங்கே என்று கேட்டால், “அவங்க கல்யாணம் ஆகிப் போயிட்டாங்களே” என்கிறார்கள். ஒப்படை பெற்ற தாத்தா 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய நிலத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ஆம் பிரிவு. கிறித்தவக் குடும்பம் என்றால் 1925ஆம் ஆண்டின் சட்டத்திலும் அப்படியே. மிராசுதாரர் நம்மைத் தரிசிலிருந்து விலக்கியதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வீட்டுக்குள் அதே குச்சியை அக்கா தங்கைக்கு எதிராக நீட்டாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவரே ஒரு பெண். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கடைசியாக வேலை. தமிழ்நாடு முழுவதும் பஞ்சமி நிலம் எத்தனை லட்சம் ஏக்கர் என்று மேடையில் சொல்கிறோம். அந்த எண்ணால் ஒரு சென்ட்கூடத் திரும்ப வராது. உங்கள் ஊர்ச் சர்வே எண்கள் வேண்டும். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு நகல், இப்போதைய ‘அ’ பதிவேட்டு நகல், ஒப்படைப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண்களுக்குரிய பக்கங்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். “பஞ்சமி நிலம் உள்ளதா” என்று கேட்காதீர்கள். “இல்லை” என்று ஒரே சொல்லில் பதில் வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு. “பதிவேடு இல்லை” என்றால் அதையும் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். மாவட்ட ஆவண அறையிலும் ஆவணக் காப்பகத்திலும் தேடும்போது அது உதவும். நகல் வந்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உட்பிரிவு எண்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் இணைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஊரை முடிக்கலாம்.

மூன்று ஊர்களிலிருந்து நகல் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். தேநீர் குடித்துவிட்டு அந்த மேசைக்கு வாருங்கள். அந்த அம்மாவும் வந்திருக்கிறார், முதலில் அவருடைய ஊரை எடுப்போம்.